1806-க்கு ஒன்று, பர்மாவுக்கு ஒன்று: வேலூர் ஏர்சாஃப்ட் ஆட்டத்துக்கு எந்த மாற்றுத் துப்பாக்கி?

வேலூர்ப் பக்கம் பழைய போர் ஒன்றை ஏர்சாஃப்ட் ஆட்டமாக (சின்ன பிளாஸ்டிக் குண்டு சுடும் பொம்மைத் துப்பாக்கியோடு ஆடும் போர் விளையாட்டு) ஆட ஒரு குழு சேர்ந்தால் காக்கித் துணி கிடைத்துவிடும், யாராவது ஒருவருடைய மாந்தோப்பும் கிடைத்துவிடும். துப்பாக்கியில்தான் வந்து நிற்கும். அந்தக் காலத்துத் துப்பாக்கிக்கு அச்சு அசலான ஏர்சாஃப்ட் பிரதி ஒன்று இருக்காது. இருந்தாலும் இங்கே வந்து சேராது. ஆகவே வேறொன்றை அதன் இடத்தில் நிறுத்தியாக வேண்டும்.

எதை நிறுத்துவது என்று பேச ஆரம்பித்ததும் எல்லாரும் உருவத்தைத்தான் பார்க்கிறார்கள்: முத்திரை சரியா, பித்தளைப் பூண் சரியா, மரத்தின் நிறம் சரியா. கையில் வாங்கிப் பார்ப்பவருக்கு அதெல்லாம் தெரியும். முப்பது மீட்டர் தள்ளி புதருக்குப் பின்னால் படுத்திருப்பவருக்குத் தெரிவது மூன்றே விஷயம்: துப்பாக்கியின் நீளம், முனைவரை மரம் ஓடுகிறதா என்பது, ஒரு சூட்டுக்கும் அடுத்த சூட்டுக்கும் இடையில் கை என்ன செய்கிறது என்பது. மூன்றாவதுதான் ஆட்டத்தை அந்தக் காலத்து ஆட்டமாக்குகிறது. பார்க்க அப்படியே லீ-என்ஃபீல்டு (உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் ரைஃபிள்) போல இருந்து வினாடிக்கு ஐந்து குண்டு துப்பினால் அது பர்மாப் போர்முனை ஆகாது. இங்கே ஒவ்வொரு வகையையும் இந்தத் தராசில்தான் நிறுத்துப் பார்க்கிறோம்.

எந்தப் போர், எந்த வேகம்

இந்த ஊருக்குப் பொருத்தமானவை இரண்டு. ஒன்று, 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் வெடித்த சிப்பாய்ப் புரட்சி. 69-ஆம் ரெஜிமென்ட்டின் நான்கு கம்பெனி வெள்ளைக்காரச் சிப்பாய்கள், மதராஸ் காலாட்படையின் மூன்று பட்டாலியன், ஆற்காட்டிலிருந்து 19-ஆம் லைட் டிராகூன் குதிரைப் படையோடு பாய்ந்து வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி என்று இரு தரப்பும் தெளிவாகப் பிரிந்திருப்பதால் ஆட்டமாக அமைக்க எளிது. இரண்டாவது, உலகப் போர்கள். லாங் பஜார் மணிக்கூண்டின் கல்வெட்டு, இங்கிருந்து முதல் உலகப் போருக்கு 277 பேர் போனதையும் அதில் 14 பேர் உயிர் கொடுத்ததையும் சொல்கிறது. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் கம்மவான்பேட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. ஆட வருபவர்களில் பலருக்குத் தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ பர்மாவிலோ இத்தாலியிலோ நின்றிருப்பார்கள்.

1806-இல் சிப்பாய் கையில் இருந்தது இந்தியா பேட்டர்ன் மஸ்கெட். சிக்கிமுக்கிக் கல் பொறியில் வெடிப்பது. குழல் 39 அங்குலம், மொத்த நீளம் சுமார் 140 செ.மீ., எடை நாலரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நன்றாகப் பழகியவர் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவார். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இந்தியப் படையிடம் பெரும்பாலும் இருந்தது நம்பர் 1 மார்க் 3 லீ-என்ஃபீல்டு. இஷாப்பூர் ஆலையிலும் செய்தார்கள். நீளம் 113 செ.மீ., எடை 3.9 கிலோ, மேகசினில் (தோட்டாப் பெட்டியில்) 10 தோட்டா. பழகிய கை நிமிடத்துக்கு 15 குறிபார்த்துச் சுடும். எதிர்த்தரப்பு ஜப்பானியரின் அரிசாகா ரைஃபிளில் 5 தோட்டாதான். டைப் 38 கிட்டத்தட்ட 128 செ.மீ. நீளம், டைப் 99 சுமார் 112. நிமிடத்துக்கு மூன்று, நிமிடத்துக்குப் பதினைந்து: இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

தொடவே கூடாதவை

வீட்டில் குருவி விரட்ட வைத்திருக்கும் 4.5 மி.மீ. ஏர்கன்னை யாராவது எடுத்து வந்து “இதுவும் காற்றில்தானே சுடுகிறது” என்பார். ஈயக் குண்டு தோலைக் கிழிக்கும், கண்ணைப் பறிக்கும். ஆட்டக்களத்தின் வாசலுக்குள்ளேயே அது வரக் கூடாது. குழலை வெல்டு வைத்து அடைத்த பழைய நிஜ ரைஃபிள், அணிவகுப்புப் பழக்கத் துப்பாக்கி ஆகியவையும் வேண்டாம். அவை படைக்கலச் சட்டத்தின் கீழ் கேள்விக்கு உள்ளாகும் பொருள்கள். சத்தத்துக்காகப் பட்டாசு மருந்து வைக்கும் யோசனையையும் முளையிலேயே கிள்ளிவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் தோப்பே போய்விடும்.

எந்த வகையை எடுப்பதானாலும், காசு கொடுப்பதற்கு முன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் படைக்கல உரிமம் பார்க்கும் பிரிவில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்ட நாளுக்கு முன்பு உள்ளூர் காவல் நிலையத்துக்குக் கடிதம், நிலத்துக்காரரின் சம்மதக் கடிதம் இரண்டும் வேண்டும். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அமிர்தி, ஜவ்வாது மலைப் பக்கம் காப்புக் காடு. இரண்டுமே ஆட்டத்துக்கான இடமில்லை. பையை மூடாமல் காட்பாடி ஜங்ஷன் வழியாகத் தூக்கிக்கொண்டு நடப்பதும் கூடாது.

அசல் பிரதி

லீ-என்ஃபீல்டுக்கு ஏர்சாஃப்ட் பிரதிகள் உண்டு. ஏரெஸ், எஸ் அண்ட் டி போன்றவர்கள் மரக் கட்டையோடு ஸ்பிரிங்கில் இயங்கும்படி செய்கிறார்கள். கையில் எடுத்தால் எடை, மரம், போல்ட் (ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இழுத்துத் தள்ளும் தண்டு) பிடி எல்லாமே மனதுக்கு நிறைவாக இருக்கும். வாங்க முடிந்தவர் வாங்கட்டும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் துப்பாக்கி வடிவப் பார்சல் சுங்கத்தில் நிற்கும். உதிரி பாகமும் அதே வழியில்தான் வர வேண்டும். ஒரு மேகசின் உடைந்தால் அடுத்தது வரும்வரை அந்த ரைஃபிள் சுவரில் தொங்கும். ஒரு பக்கத்துக்கு பத்துப் பேர் ஆடும் குழுவில் இரண்டு பேரிடம் அசலும் எட்டுப் பேரிடம் வேறெதுவும் இருந்தால் ஆட்டம் ஒட்டாது. குழுவாக ஆடுகிறவர்களுக்கு எல்லாரிடமும் ஒரே வேகம் இருப்பதுதான் முக்கியம்.

கேஸில் இயங்கும் போல்ட் வகை வேலூருக்குச் சரிப்படாது. கிரீன் கேஸ் என்பது பெரும்பாலும் புரொப்பேன். அதன் அழுத்தம் 20 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஒன்றரை மடங்குக்கும் அதிகம். காலை ஏழு மணிக்கு வேகம் அளந்து, வரம்புக்குள் இருக்கிறது என்று ஸ்டிக்கர் ஒட்டிய துப்பாக்கி, பதினோரு மணி வெயிலில் வரம்பைத் தாண்டிவிடும். வால்வும் அந்த அழுத்தத்தில் திறக்காமல் இறுகிக்கொள்ளும். மேகசினைக் காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவது இன்னும் ஆபத்து. ஊட்டியில் ஆடுபவர்கள் யோசிக்கலாம்.

எலெக்ட்ரிக் துப்பாக்கியை மாற்றாக வைப்பது

பலரிடம் ஏற்கெனவே இருப்பது இதுதான் என்பதால் முதலில் நினைவுக்கு வருவதும் இதுதான். மரக் கட்டை போட்ட எம்14 வகையை அமெரிக்கக் கேராண்டு ரைஃபிள் என்று சொல்லி ஆடும் வழக்கம் வெளிநாட்டு ஆட்டங்களில் உண்டு. நம் பர்மாக் களத்தில் அந்தச் சமாதானமும் எடுபடாது, இந்தியச் சிப்பாய் கையில் இருந்தது கேராண்டு அல்ல.

உருவத்தைவிட வேகம்தான் இதில் பெரிய சிக்கல். ஒற்றைச் சூட்டில் வைத்தாலும் விரல் வேகத்துக்கு வினாடிக்கு நாலைந்து குண்டு போகும். “பத்துக்கு மேல் போடாதே, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் மூன்று வினாடி விடு” என்று விதி போடலாம். நேருக்கு நேர் மாட்டிக்கொண்டால் எவரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். அது நேர்மைக் குறைவில்லை, கை தன் பழக்கத்தில் இழுக்கிறது. விதியால் வேகத்தைக் கட்டுவதைவிடப் பொறியாலேயே கட்டுவது நல்லது.

ஆனால் பத்துப் பேர் கொண்ட சிறு படைப்பிரிவான ஒரு செக்‌ஷனில் தானியங்கி ஆயுதமும் இருந்தது அல்லவா, அந்த இடத்துக்கு எலெக்ட்ரிக் கச்சிதம். பிரென் எல்எம்ஜிக்கு (இலகு இயந்திரத் துப்பாக்கி) மேலே வளைந்த மேகசின், 30 தோட்டா, நிமிடத்துக்குச் சுமார் 500. எலெக்ட்ரிக் பொறி ஒன்றை மரமும் தகரமும் சேர்த்த உடலுக்குள் வைத்து, மேலே வெறும் ஓடாக ஒரு வளைந்த மேகசினைப் பொருத்தினால் போதும். ஜப்பானியரின் டைப் 96, 99 எல்எம்ஜிக்கும் மேகசின் மேலேதான் என்பதால், கைப்பிடியை மட்டும் கொஞ்சம் மாற்றி அதே உடலை மறுபக்கத்துக்கும் கொடுக்கலாம். பேட்டரி 7.4 வோல்ட் லைப்போ போதும். 11.1 போட்டால் வேகம் ஏறிப் பிரென்னின் நிதானம் போய்விடும். சாவி சுற்றும் பெரிய மேகசின் வேண்டாம்; நடக்கும்போது சலசலக்கும், எண்ணிக்கையும் நிற்காது. செக்‌ஷன் தலைவருக்கு ஸ்டென் என்ற குட்டை இயந்திரத் துப்பாக்கி வேண்டுமானால் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மேகசின், 76 செ.மீ. நீளம், 32 குண்டு என்ற மூன்றும் அமைந்தால் யாரும் வேறு கேட்கமாட்டார்கள்.

ஜெல் குண்டு

ஊர்க்கடைகளில் எளிதாகக் கிடைப்பதால் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் இதைத்தான் கேட்கிறார்கள். ஏழெட்டு மி.மீ. நீர்க்குண்டு, அடி மெதுவாகத்தான் படும், தோட்டத்தில் பிளாஸ்டிக் குப்பை சேராது. சின்னவர்களுக்கும் நெருக்கமான இடத்துக்கும் நாங்கள் இதையே சொல்வோம். குறை, பதினைந்து இருபது மீட்டருக்கு மேல் நேராகப் போகாது.

வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்தால் குண்டு சரியாக உப்பாது. அந்த ஜெல் உப்பும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள நீரைக் குறைவாகத்தான் குடிக்கும். நாலு மணி நேரம் கழித்தும் சிறுத்தே இருக்கும், குழலில் தானாக உருண்டு வெளியே விழும். துப்பாக்கி பழுது என்று கழற்றிப் போடுகிறார்கள்; பழுது தண்ணீரில். கேன் தண்ணீரில் ஊறவையுங்கள். ஊறிய குண்டை வெயிலில் திறந்து வைத்தால் அரை மணியில் மறுபடி சுருங்கும், மூடிய டப்பாவில் கொஞ்சம் நீரோடு வைக்க வேண்டும்.

எங்கள் தேர்வு: போல்ட் ஸ்பிரிங் பொறி, ஆசாரி செய்த கட்டை

விஎஸ்ஆர்-10 என்ற ஏர்சாஃப்ட் ரைஃபிளின் அமைப்பில் வரும் சாதாரண ஸ்பிரிங் போல்ட் துப்பாக்கிதான் அடிப்படை. ஒவ்வொரு சூட்டுக்கும் போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்க வேண்டும். பழகிய கை நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து சுடும். லீ-என்ஃபீல்டின் வேகம் இங்கே விதி இல்லாமலே வந்துவிடுகிறது. அசலில் போல்ட்டைத் தள்ளும்போது ஸ்பிரிங் இறுகும், இதில் இழுக்கும்போது இறுகும். அந்த ஒரு வித்தியாசம் சுடுபவருக்கு மட்டுமே தெரியும். வெப்பம் ஏறினாலும் வேகம் மாறாது, பேட்டரியும் வேண்டாம்.

முதலில் ஸ்பிரிங்கைப் பாருங்கள். கடையில் வரும்போது தூரம் போவதற்காக வலுவான ஸ்பிரிங் இருக்கும். அதைக் கழற்றி எம்90 என்ற மென்மையான ஸ்பிரிங்கைப் போடுங்கள். 0.20 கிராம் குண்டு வினாடிக்கு 90 மீட்டர் போனால் 0.8 ஜூல்; எம்120 என்றால் 1.4-ஐத் தாண்டும். மாந்தோப்பில் மரத்துக்கு மரம் எட்டுப் பத்து மீட்டர்தான் இடைவெளி, அங்கே 1.4 ஜூல் வேண்டாம். இன்னொரு காரணமும் உண்டு. வலுவான ஸ்பிரிங் ட்ரிகர் பெட்டியின் ஸியர் (ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) முனையைத் தேய்த்துவிடும். தேய்ந்தபின் போல்ட்டைத் தள்ளி மடக்கும்போதே, ட்ரிகரைத் தொடாமல், துப்பாக்கி தானாகச் சுடும். அப்படி ஒருமுறை ஆனாலும் அதை அன்றைக்குக் களத்திலிருந்து எடுத்துவிட வேண்டும்.

அடுத்து மரம். 115 செ.மீ. நீளம், 17 செ.மீ. அகலம், நாலரை செ.மீ. கனம் உள்ள ஒரே பலகை ஒரு கட்டைக்குப் போதும். கன அடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தேக்கு நல்லது, வேம்பும் சரிவரும். நன்றாக உலர்ந்ததாக இருக்க வேண்டும். ஈர மரத்தில் செதுக்கினால் ஒரே கோடையில் முறுக்கிக்கொண்டு குழல் ஒரு பக்கம் இழுக்கும். நரம்பு நீளவாக்கில் ஓடும்படி பலகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கட்டை ஒடிவது எப்போதுமே கைப்பிடியின் கழுத்தில், நரம்பு குறுக்கே போகும் இடத்தில்தான்.

பிளாஸ்டிக் கட்டையின் அடியில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் பொறி தனியே வந்துவிடும். ஆசாரியிடம் வரைபடம் மட்டும் கொடுக்காமல் பொறியையும் அந்தப் பழைய கட்டையையும் சேர்த்துக் கொடுங்கள். உள்பள்ளத்தின் அளவை அவர் பழைய கட்டையிலிருந்தே எடுத்துக்கொள்வார். வெளி உருவத்துக்கு முழு அளவில் காகிதத்தில் வெட்டிய நிழலுரு ஒன்று வேண்டும். குழலின் கீழ்ப் பள்ளத்தில் சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஐப்பசி மழையில் மரம் உப்பும். இடைவெளி இல்லாவிட்டால் அது குழலைத் தள்ளி, கோடையில் நேராகச் சுட்ட துப்பாக்கி கார்த்திகையில் இடப்பக்கம் சுடும்.

மேல் மூடியைத் தனித் துண்டாகச் செய்து இரண்டு ஸ்க்ரூவில் நிறுத்துங்கள். நிரந்தரமாக ஒட்டிவிட்டால் பிறகு ஹாப்-அப் (குண்டுக்குச் சுழற்சி கொடுக்கும் ரப்பர் அமைப்பு) நெம்பைத் தொடக் கட்டையையே உடைக்க வேண்டியிருக்கும். நெம்புக்கு நேராகப் பக்கவாட்டில் ஒரு விரல் நுனி நுழையும் வெட்டும் தேவை. லீ-என்ஃபீல்டு என்று தூரத்திலிருந்தே சொல்லவைப்பது முனையில் இருக்கும் அந்த மழுங்கிய மூக்குப் பூண். அதை இரும்பில் செய்ய வேண்டாம். குனிந்து ஓடும்போது பக்கத்தில் வருபவர் பல்லில் படும். கெட்டி ரப்பரில் வெட்டிக் கறுப்படித்து, நுனியில் ஒரு செ.மீ. ஆரஞ்சுப் பட்டை போடுங்கள். பயோனெட் மாட்டுவதானால் வளையும் ரப்பரில் மட்டும்.

ட்ரிகருக்கு முன்னால் தொங்கும் மேகசின் பெட்டியை மெல்லிய தகரத்தில் வெறும் ஓடாகச் செய்தால் போதும், நிஜ மேகசின் அதற்குள் நுழையட்டும். அதில் பத்துக் குண்டுதான் போட வேண்டும். ஜப்பானியப் பக்கம் ஐந்து. பத்துப் பத்தாக நிரப்பிய சின்னக் குப்பிகளை இடுப்புப் பையில் வைத்துக்கொண்டால் எண்ணிக்கை தானாக நிற்கும். பட்டை மாட்டும் வளையத்தை மர ஸ்க்ரூவில் நிறுத்தாதீர்கள், படுத்து எழும்போது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கட்டையை ஊடுருவித் துளைத்து மறுபக்கம் நட்டு போட வேண்டும்.

முடிந்ததும் எடை அசலைவிடக் குறைவாக இருக்கும். பின்கட்டையில் துளையிட்டு 12 மி.மீ. இரும்புக் கம்பி 30 செ.மீ. நீளத்தில் இரண்டு சொருகினால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் கூடும், முன்பாரமும் சரியாகும். உப்புத் தாள் தேய்த்தபின் ஆளிவிதை எண்ணெய் மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட வேண்டும். பொறிக்குச் சிலிக்கான் எண்ணெய் ஒரு சொட்டு, அதுவும் பிஸ்டனுக்கு. ஹாப்-அப் ரப்பரில் எண்ணெய் பட்டால் குண்டு சுழலாமல் இருபது மீட்டரில் விழுந்துவிடும்.

1806-க்கு என்ன செய்வது

மஸ்கெட்டுக்குப் போல்ட்டும் வேண்டாம். மூன்று குண்டை ஒரே இழுப்பில் விடும் ஸ்பிரிங் ஷாட்கன் பொறிதான் எங்கள் தேர்வு. மஸ்கெட் துல்லியமான ஆயுதம் அல்ல. வரிசையாக நின்று ஒன்றாகச் சுட்டால்தான் அதற்கு பலம். மூன்று குண்டு பரவிப் போவது அந்தத் தன்மையைக் கொண்டுவருகிறது. கட்டைக்கு 140 செ.மீ. பலகை ஒன்றாகக் கிடைக்காவிட்டால், முன்பாகத்தை வேறு துண்டாக எடுத்துப் பூண் வரும் இடத்தில் சாய்வாக இணைக்கலாம், பூண் இணைப்பை மறைத்துவிடும். முன்கையால் இழுக்கும் பிடியை மட்டும் கட்டைக்குள் மறைக்க முடியாது, இருந்துவிட்டுப் போகட்டும்.

நிமிடத்துக்கு மூன்று என்ற வேகம் பொறியால் வராது. இங்கே மட்டும் விதிதான். சுட்டபின் துப்பாக்கியை நிமிர்த்தி, இடுப்புப் பையைத் திறந்து, கச்சக்கோலை (மருந்தை இடித்து நிரப்பும் கோல்) உருவி, குழலுக்கு வெளியே பக்கவாட்டில் இருமுறை இடித்து, திரும்பச் செருகி, பிறகுதான் இழுக்க வேண்டும். கிட்டத்தட்ட இருபது வினாடி ஆகும். கை வேலை இருப்பதால் யாருக்கும் எண்ணத் தோன்றாது. கோலைக் குழலுக்குள் விடவே கூடாது. உள்ளே விட்டு மறந்து சுட்டால் எதிரே நிற்பவருக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எந்த ஆட்டமானாலும் கண்ணாடி விஷயத்தில் சமரசம் கிடையாது. ஏஎன்எஸ்ஐ இசட்87.1 அல்லது இஎன்166 முத்திரை உள்ள, பக்கமும் மூடிய கண்ணாடி வேண்டும். வெயிலில் பனித்துக்கொள்கிறது என்று கம்பிவலை முகமூடியை மட்டும் போடுபவர்கள் உண்டு. உடைந்த குண்டின் சிதறல் வலைக்குள் புகும். வலையை வாய்க்கு வையுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி. குண்டு, மக்கும் வகையில் 0.25 கிராம். தோப்பில் ஆடு மாடு மேய்கிறது, நிலம் அடுத்தவருடையது. ஆனால் மக்கும் குண்டு ஈரத்தை இழுத்து உப்பிவிடும். பாக்கெட்டைப் பிரித்தபின் காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, அந்த மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

புதிதாகத் தொடங்கும் குழு ஒரு பக்கத்துக்குப் பத்துப் பேர் என்று வைத்தால் எட்டு மர போல்ட், தலைவருக்கு ஒரு ஸ்டென், ஒரு பிரென். எட்டையும் ஒரே ஆசாரியிடம் ஒரே நிழலுருவில் கொடுங்கள். பிரென்னைக் கடைசியாகச் செய்யுங்கள். முதல் இரண்டு மூன்று ஆட்டம் அது இல்லாமலே ஆடினால், போல்ட்டின் வேகத்தில் எப்போது ஓடலாம், எப்போது படுக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் கையோடு வந்துவிடும்.